வாசல் திறந்து வைத்தவர்கள்

மார்கழி பிறந்து ஒரு வாரம் ஆகுமுன்னே, சென்னை எழும்பூர் நிலையத்தில் செந்தூர் எக்ஸ்பிரஸ் புறப்படும் நடைமேடையில் சற்று நேரம் நின்று பார்த்தவர்களுக்கு, இருபது முப்பது வருஷங்களாகப் பட்டணத்தில் உத்தியோகம் பார்த்து, பட்டணத்துப் பேச்சையும் பட்டணத்து நடையையும் பிசகின்றிப் பழகிக்கொண்ட பெரிய மனிதர்கள், அந்த வண்டியின் படியில் கால் வைத்த மாத்திரத்தில், "ஏல, அந்தப் பெட்டியை மேல தூக்கி வைலே" என்று அசல் திருநெல்வேலிக்காரர்களாக மாறிவிடும் அதிசயம் கண்ணில் படாமல் போகாது. இருக்கைகளுக்கு அடியில் சூட்கேஸ்கள். அவற்றின் மேல் புதுத்துணிப் பொட்டலங்கள். அவற்றுக்கும் மேல், யாரும் உட்கார்ந்து நசுக்கிவிடக் கூடாதே என்று கண்ணும் கருத்துமாய்க் காக்கப்படும் கேக்குப் பெட்டி. பதினைந்து வருஷமாக ஒரே பெட்டியில் எதிரெதிரே அமர்ந்து பிரயாணம் செய்து, ஒருவர் பெயரை மற்றவர் அறியாமலே, ஒருவர் பிள்ளைகளின் படிப்பையும் கலியாணத்தையும் மற்றவர் விசாரித்துக்கொள்ளும் சிநேகங்களும் அந்த வண்டியில் உண்டு.

அந்த ரயில் போகும் மார்க்கத்தைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் மேலே போக எனக்கு மனமில்லை. திருநெல்வேலியை விட்டால் பாளையங்கோட்டை, செய்துங்கநல்லூர்; பிறகு ஸ்ரீவைகுண்டம்; அதற்கப்பால் நம்மாழ்வார் அவதரித்த ஆழ்வார்திருநகரி; அதை அடுத்து நாசரேத்; குரும்பூர், ஆறுமுகநேரி கடந்து, பள்ளிவாசல்கள் நிறைந்த காயல்பட்டினம்; முடிவில் முருகப் பெருமானின் சந்நிதி. வைகுண்டத்தைத் தாண்டித்தான் நாசரேத்துக்குப் போக வேண்டும் என்று எங்கள் தாத்தா சிரிக்காமல் சொல்வார். உலகத்தில் வேறெந்த இருப்புப் பாதையும் இத்தனை குறுகிய தூரத்தில் இத்தனை மதங்களின் வாசலில் நின்று நின்று போகிறதா என்பதைப் பூகோளம் கற்றவர்கள்தான் சொல்ல வேண்டும்.

கிறிஸ்துமஸைப் பற்றி எழுதுகிறவர்கள் நட்சத்திரத்தைப் பற்றியும், குடிலைப் பற்றியும், கேக்கைப் பற்றியும் எழுதிவிடுகிறார்கள்; பந்து ஜனங்கள் ஒன்றுகூடும் சந்தோஷத்தையும் எழுதிவிடுகிறார்கள். நான் எழுத உட்கார்ந்தது அந்தச் சந்தோஷத்தின் கணக்கு வழக்கைப் பற்றி. நாற்பது பேர் ஒரு கூரையின் கீழ் பத்து நாள் சேர்ந்திருந்து, உண்டு, உறங்கி, சண்டையிட்டு, சமாதானமாகிப் பிரிந்து போகிறார்கள் என்றால், அந்தப் பத்து நாளுக்கு யாரிடம் நாம் கடன்பட்டிருக்கிறோம் என்பதை எழுபது வயது கடந்த பிறகாவது யோசித்துப் பார்ப்பது நியாயமல்லவா?

முதலில் பழைய விருத்தாந்தம் கொஞ்சம். பனையையும் செம்மண் தேரியையும் தவிர வேறு ஆஸ்தி இல்லாத அந்தப் பிரதேசத்தில், 1799-ஆம் வருஷம், தாவீது சுந்தரானந்தம் என்ற உபதேசியார், புது மார்க்கத்தில் சேர்ந்ததற்காகத் துன்புறுத்தப்பட்ட சில குடும்பங்களைக் குடியமர்த்தி ஓர் ஊர் உண்டாக்கினார். முதலில் உண்டான ஊர் ஆகையால் அதற்கு முதலூர் என்றே பெயர். (தேங்காய்ப்பாலில் கிண்டும் மஸ்கோத் அல்வாவுக்காக மட்டும் அந்த ஊரை அறிந்திருப்பவர்கள் இதையும் தெரிந்துகொள்ளட்டும்.) அதன் பின்னர் பாளையங்கோட்டையில் ரேனியஸ் ஐயர், மெஞ்ஞானபுரத்தில் ஜான் தாமஸ் ஐயர், இடையன்குடியில் கால்டுவெல் ஐயர், நாசரேத்தில் மர்காஷிஸ் ஐயர் என்று ஒவ்வொருவராக வந்தார்கள். மெஞ்ஞானபுரம் ஆலயத்தின் 192 அடி உயரக் கோபுரத்தை இன்றும் தேரிக்காட்டில் வெகு தூரத்திலிருந்தே பார்க்கலாம். இடையன்குடி ஆலயத்துக்கு 1847-இல் தொடங்கிய வேலை 1880-இல்தான் முடிந்தது; முப்பத்து மூன்று வருஷம் ஒரு கோயிலைக் கட்டிக்கொண்டே, இடையில் திராவிட மொழிகளுக்கு ஒப்பிலக்கணமும் எழுதி முடித்த மனிதரின் பொறுமையை நினைத்தால், ஒரு கட்டுரைக்குக் கெடு கேட்கும் என் போன்றவர்களுக்கு வெட்கமாக இருக்கிறது.

அவர்கள் கோயில் கட்டிய இடத்திலெல்லாம் பள்ளிக்கூடமும் கட்டினார்கள். எங்கள் குடும்பத்தின் கதை, அந்த ஜில்லாவின் ஆயிரக்கணக்கான குடும்பங்களின் கதையைப் போலவே, இந்த இடத்தில்தான் இரண்டாகக் கிளைக்கிறது. பனையேறிப் பதநீர் இறக்கிய கொள்ளுத்தாத்தாவின் பிள்ளைகள் எழுத்தறிந்தார்கள். அந்தப் பிள்ளைகளின் பிள்ளைகள் பாளையங்கோட்டையில் பயிற்சி பெற்று உபாத்தியாயர்களானார்கள். பெண்கள் சாராள் தக்கரில் படித்தார்கள், நர்சுகளாகப் போனார்கள். எழுத்தறிந்தவனுக்கு ஊரில் என்ன வேலை? பனைக்கு எழுத்துத் தெரிய வேண்டியதில்லை. ஆகவே ஒருவர் மதுரைக்கும், ஒருவர் சென்னைக்கும், ஒருவர் ரயில்வேயில் பொன்மலைக்கும், ஒருவர் சிலோன் தேயிலைத் தோட்டத்துக்கும் போனார்கள். அடுத்த தலைமுறை பம்பாய்க்கும் வளைகுடாவுக்கும் போயிற்று. எங்களைச் சிதறடித்தது பள்ளிக்கூடம். சிதறியவர்களை வருஷத்துக்கு ஒருமுறை திரும்பக் கூட்டிவைத்ததோ, பள்ளிக்கூடத்தோடு சேர்ந்து வந்த அந்தப் பண்டிகை. எடுத்த கையே கொடுக்கவும் செய்தது என்று வைத்துக்கொள்ளலாம்.

ஆனால், பண்டிகை என்பது ஒரு தேதிதானே? தேதி யாருக்கும் அடுப்பு மூட்டி வைப்பதில்லை.

என் தகப்பனாரோடு பிறந்தவர்கள் ஏழு பேர். ஆறு பேரைப் பள்ளிக்கூடம் கூட்டிக்கொண்டு போய்விட்டது. கடைசியாகப் பிறந்த சித்தப்பாவை மட்டும் அது எட்டாம் வகுப்போடு கைவிட்டது. கணக்குப் பாடம் வரவில்லை என்பது குடும்ப ஐதீகம். அவர் ஊரில் தங்கினார். இருபது முப்பது பனைகளையும், குளத்துப் பாசனத்தில் இருந்த சொற்ப வயலையும், தாத்தா கட்டிய ஓட்டு வீட்டையும், பின்னாளில் படுக்கையில் விழுந்த தாத்தாவையும் ஆச்சியையும் அவரும் சித்தியும் பார்த்துக்கொண்டார்கள். கடிதங்களில் நாங்கள் அவரைப் பற்றி எழுதும்போது, "தம்பி ஊரில் சும்மாதான் இருக்கிறான்" என்று எழுதுவது வழக்கம். அந்தச் 'சும்மா' என்ற சொல்லை இப்போது நினைத்தால் கூச்சமாக இருக்கிறது.

சும்மா இருந்தவர் டிசம்பர் மாதம் முதல் தேதியிலிருந்து என்ன செய்துகொண்டிருந்தார் என்று சொல்லுகிறேன். சுண்ணாம்பு நீற்றி, வீடு முழுவதும் வெள்ளையடிப்பார். கிணற்றைத் தூர்வாரச் செய்வார். பனைமட்டையும் உடைமரமுமாகப் பின்கட்டில் ஆள் உயரத்துக்கு விறகு அடுக்குவார். கிடா ஒன்றுக்கு முன்பணம் கொடுத்து வைப்பார். ஊரில் நாலு வீடு ஏறி இறங்கி, உருளியும் பெரிய அண்டாவும் இரவல் வாங்கி வருவார். முற்றத்தில் பழைய மண்ணை வெட்டி எடுத்துவிட்டுப் புது மணல் பரப்புவார். அந்தப் புதுமணலில் முதல் காலடி எந்தப் பிள்ளையுடையதோ அந்தப் பிள்ளைக்குக் கருப்பட்டித் துண்டு ஒன்று உண்டு. மூங்கிலைச் சீவிக் கட்டி, வண்ணக் காகிதம் ஒட்டிப் பெரிய நட்சத்திரம் ஒன்று செய்து, அரிக்கேன் விளக்கை உள்ளே வைத்து வேப்பமரத்தின் உச்சிக்குக் கயிறு போட்டு ஏற்றுவார். மின்சாரம் வந்த பிறகும், கடையில் பிளாஸ்டிக் நட்சத்திரம் கிடைக்கத் தொடங்கிய பிறகும் அவர் மூங்கில் சீவுவதை நிறுத்தவில்லை. விளக்குக்குப் பதில் பல்பு வந்ததே ஒழிய வேறு மாறுதலில்லை. நாங்கள் இருபத்திரண்டாம் தேதி வந்து இறங்கி, "அடடா, வீடு எவ்வளவு அழகாக இருக்கிறது!" என்போம். வீடு தானாக அழகாய் இருப்பதாகவே எங்கள் எண்ணம்.

இனிப் பலகாரம். இதைப் பற்றி நான் சற்று விஸ்தாரமாகவே எழுதுவேன். வாசகர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். இருபத்திரண்டாம் தேதி இரவு அடுப்பு மூட்டினால் அது அணைய இருபத்து நாலாம் தேதி மாலையாகும். ஊறவைத்து உலர்த்திய பச்சரிசியை உரலில் இடிக்கும் சத்தம் சித்தப்பா வீட்டில் மாத்திரமல்ல, தெரு முழுவதும் கேட்கும்; எந்த வீட்டு உலக்கை முதலில் ஓய்கிறதோ அந்த வீட்டுக்கு அந்த வருஷம் ஆள் குறைவு என்று அர்த்தம். முதலில் கைமுறுக்கு. வெள்ளைத் துணி விரித்து, பெரிய அத்தை ஒரு புறமும் என் தாயார் ஒரு புறமுமாக உட்கார்ந்து, கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே மாவை முறுக்கிக்கொண்டே வட்டமாகச் சுற்றுவதை, சித்திர வேலை பார்க்கிற ஆசாரியைப் பார்ப்பதுபோல் பிள்ளைகள் சுற்றி உட்கார்ந்து பார்ப்போம். ஒரு வீட்டுப் பாகப் பிரிவினையின் பொருட்டு அவர்கள் இருவரும் மூன்று வருஷம் முகம் கொடுத்துப் பேசிக்கொள்ளாமல் இருந்ததுண்டு. ஆனாலும், மாவுக்கு உப்புப் பார்க்கும் நேரத்தில் ஒருவர் கை மற்றவர் பக்கம் நீளும்; நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டு, பேச்சில்லாமல், தலை மட்டும் அசையும். அந்தத் தலையசைப்பில்தான் மூன்றாம் வருஷ முடிவில் சமாதானம் பிறந்தது என்பது என் சொந்த அபிப்பிராயம்.

அச்சுமுறுக்குக்கு வேறு சாஸ்திரம். தேங்காய்ப்பாலும் முட்டையும் சேர்த்துக் கரைத்த மாவில் இரும்பு அச்சை முக்கி எண்ணெயில் இறக்க வேண்டும். அச்சு முன்னதாகவே எண்ணெயில் கிடந்து காய்ந்திருக்க வேண்டும். முக்கால் பாகம்தான் முக்க வேண்டும். முழுவதும் முக்கிவிட்டால் முறுக்கு அச்சை விட்டுக் கழன்று வராது. முந்திரிக்கொத்தோ இன்னும் பாடு. பாசிப்பயற்றை வறுத்துப் பொடித்து, தேங்காயும் எள்ளும் சேர்த்து, வெல்லப் பாகிலோ கருப்பட்டிப் பாகிலோ உருட்டி, மூன்று மூன்றாக மாவில் தோய்த்துப் பொரிப்பார்கள். முந்திரிப் பருப்பே இல்லாத பலகாரத்துக்கு ஏன் இந்தப் பெயர் என்று பட்டணத்து மருமகள் ஒருத்தி கேட்டாள். முந்திரி என்றால் திராட்சை. திராட்சைக் குலைபோல் இருப்பதால் முந்திரிக்கொத்து என்று ஆச்சி விளக்கம் சொன்னாள். பாகு பதம் தப்பினால் கல்லாகிவிடும். பதம் பார்க்கத் தெரிந்தவர் எங்கள் வீட்டில் ஒருவரே: சித்தி.

இத்தனை வேலையும் நடக்கும்போது ஆண்களாகிய நாங்கள் எங்கே இருந்தோம்? திண்ணையில் இருந்தோம். மிஷனரிமாரின் சரித்திரத்தையும், சபைத் தேர்தலையும், தேச நிர்வாகத்தையும் பேசிக்கொண்டு, உள்ளேயிருந்து காப்பி வரும்போது கையை மட்டும் நீட்டினோம். காப்பி கொண்டுவந்தவர் யார் என்று நான் நிமிர்ந்து பார்த்ததாக ஞாபகமே இல்லை. பண்டிகைக்காலம் என்பது பெண்களுக்கு விடுமுறை அல்ல, இரட்டை வேலை என்ற சாமானிய உண்மையைக் கண்டுகொள்ள, நாலெழுத்துப் படித்த எனக்கு அறுபது வயதாயிற்று.

இரவு இரண்டு மணிக்குமேல் அடுப்படி சற்று ஓயும். நாலு மணிக்கு பஜனை வந்துவிடும். மார்கழிப் பனியில், காதை மூடிக் கட்டிய துண்டோடு, ஆர்மோனியமும் டோலக்கும் கைத்தாளமுமாக, தெருத் தெருவாகக் கீர்த்தனை பாடிக்கொண்டு வரும் அந்தக் கோஷ்டியின் குரல் முதலில் தேரிப் பக்கமிருந்து கேட்கும். பிறகு காற்று மாறி அடங்கிப் போகும். மறுபடி மிக அருகில், நம் வீட்டு வாசலிலேயே வெடித்துக் கிளம்பும். பக்கத்து ஊர்ப் பெருமாள் கோயிலிலிருந்து திருப்பாவையும் அதே நேரத்தில் வரும். இரண்டையும் சேர்த்துக் கேட்டு வளர்ந்தவர்கள் நாங்கள். வாசலுக்கு வந்த பஜனைக் கோஷ்டிக்குச் சுக்குக் காப்பி கொடுப்பதும் சித்தியின் வேலை என்பதைத் தனியே சொல்ல வேண்டியதில்லை.

1964-ஆம் வருஷத்து டிசம்பரை நான் மறக்க முடியாது. எனக்கு அப்போது பதினொரு வயது. பெரியப்பா சிலோன் மலைநாட்டுத் தேயிலைத் தோட்டம் ஒன்றில் கணக்கப்பிள்ளை. தலைமன்னாரில் கப்பல் ஏறித் தனுஷ்கோடியில் இறங்கி, அங்கிருந்து ரயில் பிடித்து ஊர் வந்து சேர்வார். தகரப் பெட்டி நிறையத் தேயிலையும், பிள்ளைகளுக்குப் பென்சிலும் வரும். அந்த வருஷம் அக்டோபர் 30-இல் சாஸ்திரியும் சிறிமாவோ அம்மையாரும் ஒப்பந்தம் கையெழுத்திட்டிருந்தார்கள். இந்திய வம்சாவளியினரில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் சிலோனுக்கு, மிச்சம் 1,50,000 பேரைப் பின்னர் பார்த்துக்கொள்ளலாம் என்று, அரிசி மூட்டை பிரிப்பதுபோல் மனிதர்களைப் பிரித்த ஒப்பந்தம் அது. இருபதாம் தேதி வந்து சேர்ந்த பெரியப்பா, தாம் எந்த மூட்டையில் இருக்கிறோம் என்பது தெரியாதவராய்த் திண்ணையில் உட்கார்ந்திருந்தார்.

இருபத்திரண்டாம் தேதி இரவு காற்று அடித்தது. எங்கள் ஊரில் பனை மட்டைகள் முறிந்ததோடு சரி. தனுஷ்கோடியைக் கடல் கொண்டுபோய்விட்டது என்ற செய்தி அதன் பின்னர்தான் வந்தது. பாம்பனிலிருந்து போன பயணி ரயில் அப்படியே அலையில் அகப்பட்டு, அதிலிருந்தவர் நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டார்கள் என்பதும் தெரிந்தது. இரண்டு நாளுக்கு முன் தாம் நின்ற நடைமேடை இப்போது இல்லை என்பதைப் பெரியப்பா எப்படி வாங்கிக்கொண்டார் என்று எனக்குச் சொல்லத் தெரியாது. அன்று பகல் முழுவதும் அவர் ஒருவரோடும் பேசவில்லை. "கர்த்தர் காப்பாற்றினார், ஸ்தோத்திரம்" என்று வந்தவர்கள் எல்லாரும் சொன்னார்கள். ஆச்சி மட்டும் அதைச் சொல்லவில்லை. மாவு சலித்துக்கொண்டிருந்தவள், சல்லடையை வைத்துவிட்டு, "அந்த வண்டியில வந்தவுகளுக்கும் வீட்டுல மாவு இடிச்சு வச்சிருப்பாகளே" என்றாள். அடுப்படியில் யாருக்கும் அதற்குப் பதில் இல்லை.

அந்த வருஷக் கிறிஸ்துமஸ் விடியற்காலையில், முதல் மணி அடித்தவுடன் ஆச்சி பெரியப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு கோயிலுக்கு நடந்தாள். ஐம்பது வயதை எட்டிக்கொண்டிருந்த மனிதர். தாயின் கையில் சிறு பிள்ளைபோல் போனார். ஆராதனை முடிந்து வந்து, வழக்கம்போல் இட்லியும் ஆட்டுக்கறிக் குழம்பும். வழக்கம்போல், தட்டுகளில் பலகாரம் வைத்து, வெள்ளைத் துணி மூடி, தீபாவளிக்கு நமக்குத் தட்டு அனுப்பிய வீடுகளுக்கெல்லாம் பிள்ளைகள் கொண்டுபோனோம். பெரியப்பா ஜனவரியில் சுற்று வழியாய்ச் சிலோன் திரும்பினார். பிற்பாடு குடும்பத்தோடு ஊர் வந்து சேர்ந்துவிட்டார். வந்து சேர்ந்தபோது, நாலு மாதம் அவர்களுக்கு இருக்க இடமும் உண்ணச் சோறும் கொடுத்தவர் 'ஊரில் சும்மா இருந்த' தம்பிதான்.

நன்றி என்ற விஷயத்துக்கு வருகிறேன். பந்துக்களுக்குள் நன்றி சொல்லும் சம்பிரதாயம் நம்மிடம் இல்லை. அத்தை காப்பி கொடுத்தால் "நன்றி அத்தை" என்று சொல்லும் பிள்ளையை வீட்டில் எல்லாரும் ஒரு மாதிரியாகப் பார்ப்பார்கள். அத்தைக்கே மனம் வருந்தும், அன்னியப்படுத்திவிட்டானே என்று. கடைக்காரருக்கும் பஸ் கண்டக்டருக்கும் 'தேங்க்ஸ்' உண்டு. கடவுளுக்கு ஸ்தோத்திரம் உண்டு. நடுவில் இருக்கிற உறவுக்கு வார்த்தை இல்லை. இது குறையா என்றால், குறை என்று நான் நினைக்கவில்லை. வார்த்தையால் தீர்க்க முடிகிற கடன் என்றால் அன்றைக்கே தீர்த்துவிட்டுக் கணக்கை மூடிவிடலாம். தீராத கடனாக அதை வைத்திருப்பதற்காகவே நம் முன்னோர் அந்த வார்த்தையை உறவுக்குள் விடாமல் காத்தார்களோ என்னவோ. ஆனால், வார்த்தை இல்லாத இடத்தில் காரியம் இருக்க வேண்டும். கிறிஸ்துமஸுக்கு முந்தின நாலு வாரங்களுக்கு எங்கள் சபையில் 'வருகையின் காலம்' என்று பெயர். அந்தப் பெயர் கர்த்தருடைய வருகையைக் குறிப்பது. அதை அற்ப மனிதர்களுக்குப் பொருத்துவது பிழையானால் ஐயரவர்கள் மன்னிக்க வேண்டும். உறவுக்கு நன்றி செலுத்துகிற ஒரே வழியும் வருகைதான் என்று எனக்குப் படுகிறது. எப்படி வருகிறோம், எப்போது வருகிறோம் என்பதில்தான் எங்கள் தலைமுறை தவறிவிட்டது. விருந்தாளிகளாக வந்தோம்.

சித்தப்பா காலமாகிப் பல வருஷமாகிறது. அவருடைய மகன் தோஹாவில் இருக்கிறான், மகள் கோயம்புத்தூரில். இருவரும் தாயைத் தங்களோடு வந்துவிடும்படி அழைத்து அலுத்துவிட்டார்கள். நானும் ஒருமுறை புத்தி சொல்லப் போனேன். சித்தி என் பேச்சை முழுவதும் கேட்டுவிட்டு, "எய்யா, நான் கதவைப் பூட்டிட்டு வந்துட்டா, டிசம்பர் மாசம் நீங்க எல்லாரும் எங்க வருவிய?" என்றாள். நான் சென்னையிலிருந்து கொண்டுபோன வாதங்கள் அத்தனையும் அந்த ஒரு கேள்வியோடு முடிந்து போயின.

2023-ஆம் வருஷம் அந்தக் கதவை வெள்ளம் தட்டியது. டிசம்பர் முதல் வாரத்தில் மிக்ஜாம் புயல் சென்னையை மூழ்கடித்த சேறு எங்கள் தெருவில் இன்னும் காயாதிருந்த சமயம். பதினேழாம் தேதி, வருகையின் மூன்றாம் ஞாயிறு, தெற்கே மழை பிடித்தது. பதினெட்டாம் தேதி காலை வரையிலான ஒரு நாளில் காயல்பட்டினத்தில் 95 சென்டிமீட்டர் பெய்திருந்தது; ஒரு வருஷத்துக்கு அந்தச் சீமையில் பெய்ய வேண்டிய மழைக்கு அது குறைந்ததல்ல. குளங்கள் உடைந்தன, தாமிரபரணி கரை புரண்டது. திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குப் புறப்பட்ட எங்கள் செந்தூர் எக்ஸ்பிரஸ், தண்டவாளத்துக்கு அடியில் ஜல்லியும் மண்ணும் அரித்துப் போனதால், ஸ்ரீவைகுண்டம் நிலையத்திலேயே நின்றுவிட்டது. சுமார் 800 பிரயாணிகள். சுற்றிலும் வெள்ளம் சூழ, உதவி எட்டாத நிலையில், பக்கத்துப் புதுக்குடி ஜனங்கள், தங்கள் வீட்டுக்குள்ளும் தண்ணீர் நின்றபோதே, கோயிலில் அடுப்பு மூட்டி அத்தனை பேருக்கும் சமைத்துப் போட்டார்கள். ஊரில் இருக்கிறவர்கள் என்ன செய்துகொண்டிருக்கிறார்கள் என்று இனி யாராவது கேட்டால் புதுக்குடியைச் சொல்லலாம்.

சித்தியின் தொலைபேசி மூன்று நாள் ஊமையாக இருந்தது. நாலாம் நாள் யாரோ ஒரு பையனின் கைப்பேசியிலிருந்து பேசினாள். முழங்காலளவு தண்ணீர் வந்து வடிந்துவிட்டது, தான் மச்சில் ஏறிக்கொண்டதால் ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டு, உடனே குரல் உடைந்து, "மாவு போச்சுய்யா, ரெண்டு தகரம் மாவும் நனைஞ்சு போச்சு" என்றாள். வீட்டின் சுவர் விரிசல் விட்டிருந்ததைப் பற்றி அவள் சொல்லவே இல்லை. அதை நாங்கள் போய்ப் பார்த்துத் தெரிந்துகொண்டோம்.

அந்தக் கிறிஸ்துமஸுக்கு நாசரேத்துக்கு ரயில் இல்லை. வழக்கமாய் வரும் நாற்பது பேருக்குப் பதிலாகப் பதினொரு பேர், திருநெல்வேலியில் இறங்கி வேன் பிடித்து, அரித்துப்போன சாலைகளைச் சுற்றிச் சுற்றி வந்து சேர்ந்தோம். புதுத்துணி ஒருவரும் எடுத்து வரவில்லை. துடைப்பமும் பிளீச்சிங் பவுடரும் மண்வெட்டியும் கொண்டுவந்தோம். பெங்களூரில் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை பார்க்கும் பெரியப்பாவின் பேரன், பேண்டை முழங்காலுக்கு மேல் சுருட்டிக்கொண்டு, அடுக்களைச் சேற்றை வாளி வாளியாக அள்ளிக் கொட்டினான். சித்தியைத் திண்ணையில் ஒரு நாற்காலி போட்டு உட்கார வைத்தோம். ஐம்பது வருஷத்தில் பண்டிகை நாளில் அவள் திண்ணையில் உட்கார்ந்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. ஐந்து நிமிஷத்துக்கு மேல் அவளுக்கு இருப்புக் கொள்ளவில்லை. எழுந்து எழுந்து வந்து, "அதை அங்க வைக்காதிய, அது ஆச்சி பெட்டி" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். காப்பி போட்டுக் கொண்டுபோய் நான் கொடுத்தேன். சீனி கூடிவிட்டது என்றாள். கருப்பட்டிதான் போட்டேன் என்பதை எடுத்துச் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை.

முறுக்கு இல்லை, கிடா இல்லை. முதலூரிலிருந்து ஒரு பொட்டலம் அல்வாவும், பக்கத்து ஊரிலிருந்து வந்த சாம்பார் சாதமும்தான் விருந்து. கோயிலில் ஜனங்கள் குறைவு. காணிக்கை முழுவதும் வெள்ள நிவாரணத்துக்கு என்று ஐயர் அறிவித்தார். அன்று இரவு, பாயைக் காயவைக்க முடியாததால் வெறும் தார்ப்பாயில் வரிசையாய்ப் படுத்திருந்தபோது, பிள்ளைகளில் ஒன்று, வேப்பமரத்தில் நட்சத்திரம் இல்லையே என்று கேட்டது. சித்தப்பா சீவி வைத்திருந்த பழைய மூங்கில் சட்டம் மச்சில் இருப்பதாகச் சித்தி இருட்டிலிருந்து சொன்னாள். மறுநாள் அதற்குக் காகிதம் ஒட்டினோம். எங்களில் ஒருவருக்கும் ஐந்து மூலையையும் நேராக இழுத்து ஒட்டத் தெரியவில்லை, கோணலாகவே ஏற்றினோம்.

என் ஆயுளில் எத்தனையோ கிறிஸ்துமஸ்கள் அந்த வீட்டில் கழிந்திருக்கின்றன. அவற்றில் எனக்கு முழு மனதோடு ஸ்தோத்திரம் செலுத்தத் தோன்றுவது அந்த ஒன்றுக்குத்தான். மற்றவற்றில் நான் சாப்பிட்டேன். அதில் மட்டும்தான் இருந்தேன்.

இப்போது சித்திக்கு எழுபத்தெட்டு வயது. போன வாரம் தொலைபேசியில், எத்தனை பேர் வருகிறீர்கள், அரிசி எவ்வளவு ஊறப் போடட்டும் என்று கேட்டாள். அரிசியை நாங்கள் வந்து ஊறப் போட்டுக்கொள்கிறோம், பதினெட்டாம் தேதியே வந்துவிடுகிறோம் என்று சொன்னேன். "அவ்வளவு சீக்கிரமா வந்து என்ன செய்யப் போறிய?" என்று சிரித்தாள். பாகுப் பதம் கற்றுக்கொள்ள வேண்டும் என்றேன். அவள் நம்பியதாகத் தெரியவில்லை.

இந்தக் கட்டுரையைப் படிக்கிற வாசகர்களில் பலருக்கு இப்படி ஒரு வீடு, நாசரேத் பக்கம் இல்லாவிட்டாலும் சாயர்புரத்திலோ நாகர்கோவிலிலோ வேறெங்கோ, இருக்கக்கூடும். அங்கே ஊரில் சும்மா இருப்பதாக நாம் எழுதுகிற ஒரு சித்தப்பாவோ மதினியோ இருப்பார்கள். இருபத்து நாலாம் தேதிக்கு டிக்கெட் எடுத்திருந்தால் ரத்துச் செய்துவிட்டு, ஒரு வாரம் முன்னதாக எடுங்கள். கேக்குப் பெட்டி வேண்டாம். அங்கே உரல் இருக்கிறது. நாசரேத்தில் வண்டி அதிக நேரம் நிற்பதில்லை. ஆழ்வார்திருநகரி தாண்டியவுடனேயே மூட்டைகளை வாசல் பக்கம் கொண்டுவந்து வைத்துக்கொள்ளுங்கள்.